வில்லுப்பாட்டு படிக்கணும்னு ஆச, ஆனா வீட்டுலயும் காலேஜ்லயும் "உனக்கெதுக்கு அது"ன்னு கேக்காவ

குழித்துறை ஆறு:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் காலேஜ் சேந்தேன், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, நாகர்கோவில்ல. வீடு குழித்துறை பக்கம், டெய்லி மார்த்தாண்டத்துல பஸ் ஏறி போய்ட்டு வருவேன். கொஞ்சம் பெருசா எழுதுவேன், பொறுத்துக்கோங்க, இத வீட்டுல பேச முடியல.

காலேஜ்ல மொத நாள் பேரு கேட்டாவ, ரெண்டாம் நாள் ஊரு கேட்டாவ, மூணாம் நாள் "நீ ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா"ன்னு கேட்டாவ. எனக்கு அப்பா வழி சி.எஸ்.ஐ., அம்மை வழி ஆர்.சி., அதனால ரெண்டும்னு சொன்னேன், கேட்டவளுக்கு அது பத்தல, "இல்லடி, உங்க ஆளுங்க யாரு"ன்னு அடுத்த கேள்வி. அவ ஆரம்பத்துல இருந்தே சர்ச்ச பத்தி கேக்கல, அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கோயிலுக்கு போற பிள்ளைங்ககிட்ட வேற மாதிரி கேப்பாவ, "குலசாமி எது, கொடை எப்ப"ன்னு, கொடைன்னா ஊர் சாமிக்கு எடுக்கிற திருவிழா. எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். 2011 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துக்கு எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே பஸ்ட். ஸ்கூல்ல இத எத்தன தடவ பெருமையா சொல்லிக் குடுத்திருக்காவ. படிச்சிட்டோம், சரி, படிச்சிட்டும் மூணாம் நாள் இதத்தான் கேக்கோம்னா என்னத்த படிச்சோம்னு எனக்கு உண்மையிலயே கோவம் வந்துச்சு.

இருக்கட்டும், சொல்ல வந்தது வேற. பூதப்பாண்டி பக்கத்துல இருந்து ஒருத்தி கிளாஸ்ல இருக்கா, அவ மட்டும் எதுவும் கேக்கல, "ஆடி கடைசி செவ்வா எங்க ஊர்ல கொடை, வாறியா"ன்னு மட்டும் கேட்டா. அம்மை விடவே இல்ல, அப்பா "சோறு மட்டும் சாப்ட்டுட்டு வா, சாமிக்கு வச்ச படைப்பு திங்காத"ன்னு சொல்லி விட்டாரு. ராத்திரி தங்குனேன். அங்கதான் மொத தடவயா வில்லுப்பாட்ட நேர்ல பாத்தேன். டிவியில பாத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வில்லுல கட்டுன மணி ஒவ்வொரு அடிக்கும் குலுங்குது, குடம் அடிக்கிறவரு பத்திங்கிற மட்டையால பானை வாய்ல அடிக்கிற சத்தம் நெஞ்சுல வந்து முட்டுது, பாடுற அம்மா ரெண்டு கையிலயும் வில்ல தட்டுற வீசுகோல வச்சிட்டு கதை சொல்லுகாவ. இசக்கி கதை. ஒருத்தன நம்பிப் போன பொண்ண, அவனே மடியில தலை வச்சுத் தூங்க விட்டு, பைய எந்திரிச்சு கல்லத் தூக்கித் தலையில போட்டுக் கொன்னுட்டு நகையோட போறான், அங்க சாட்சிக்கு நின்னது ஒரு கள்ளிச்செடி மட்டும். அந்த இடம் வரும்போது குடத்துக்காரரு கைய எடுத்துட்டாரு. சத்தமே இல்ல. என் பக்கத்துல இருந்த ஒரு பாட்டி முந்தானைய வாய்ல வச்சிட்டு அழுதாவ. அவ்வளவு வருஷமா கேட்ட கதைதானே, முடிவு தெரியும்தானே, இன்னும் அழுகாவளேன்னு எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல இதே யோசனை. நம்ம ஊர்ல கும்பிடுற சாமிங்கள்ல முக்காவாசி யாரு? கொல்லப்பட்டவங்க. அநியாயமா வெட்டுப்பட்டவங்க, ஏமாத்தப்பட்ட பொண்ணுங்க. எங்க அம்மை போற நட்டாலம் பக்கத்துலதான் இருக்கு, தேவசகாயம் பொறந்த ஊரு, அவரும் கொல்லப்பட்டவருதான், 2022ல புனிதர் பட்டம் கிடைச்சப்ப ஊரே திருவிழாவா இருந்துச்சு. ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. செத்தவங்கள மறக்க மாட்டோம்னு சொல்ற ஊரு நம்ம ஊரு. அத எங்க அப்பாகிட்ட சொன்னேன், "பேயையும் புனிதரையும் ஒண்ணா வைக்காத"ன்னு சத்தம் போட்டாரு.

காலேஜ்ல கல்ச்சுரல்ஸ்க்கு பேரு குடுக்க சொன்னாவ, வில்லுப்பாட்டு பண்ணலாமான்னு கேட்டேன், "அது கோயில் பாட்டு, பிரச்சனை ஆயிரும், ஓணத்துக்கு திருவாதிரைக்களி ஆடு"ன்னு சீனியர்ஸ் சொல்லிட்டாவ. திருவாதிரைக்களி எனக்கும் பிடிக்கும், நம்ம பக்கம் அத்தப்பூ போடாத வீடு கொஞ்சம்தான். ஆனா இது ஏன் கூடாது?

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, இத முறையா எங்க படிக்க முடியும்? ரெண்டு, சர்ச்சுக்கு போற பொண்ணு நான் இதப் படிச்சா அது தப்பா?

நாஞ்சில்நாட்டு மாமா:

மக்கா, மொதல்ல ஒண்ணு. நீ அந்த ராத்திரில கவனிச்சிருக்கியே, குடம் நின்ன இடம், அத அம்பது வருஷமா கொடை பாக்கவன் பாதிப் பேரு கவனிச்சிருக்க மாட்டான். உனக்கு காது இருக்கு.

நான் சுசீந்திரம் பக்கம். சின்ன வயசுல எங்க பாட்டா கைய பிடிச்சிட்டு கொடைக்கு போவேன், வெடியறது வர உக்காந்து கேப்போம், தூங்கிட்டா பாட்டா தொடையில கிள்ளுவாரு. வில்லுல பாடுறவரு நடுவுல, பக்கத்துல உடுக்கு, தாளம், கட்டை. வலத்தே பாடுறது இடத்தே பாடுறதுன்னு உண்டு, அண்ணாவி, அதான் தலைமையா பாடுறவரு, ஒரு வரி விட்டா மத்தவன் பிடிக்கணும், பிடிக்கத் தெரியாதவன வில்லு பக்கத்துல உக்கார விட மாட்டாவ. மொதல்ல காப்பு, அப்புறம் குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், அதுக்கப்புறந்தான் கதை, கடைசில வாழி பாடி முடிக்கணும். வாழி பாடாம வில்ல அவுக்கக் கூடாது.

நீ சொன்ன விஷயத்துக்கு எங்க பக்கம் பேரே இருக்கு. வெட்டுப்பட்ட வாதைன்னு சொல்லுவோம். சிவன் வரத்துல பொறந்தது ஒரு வகை, சுடலைமாடன் அந்த வகைல வருவாரு, மனுசனா பொறந்து அகாலமா செத்து தெய்வமானது இன்னொரு வகை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்கரு நம்ம மாவட்டத்துக்கு வந்து கொடை கொடையா உக்காந்து இதத்தான் ஆராய்ச்சி பண்ணி 1988ல புத்தகம் போட்டாரு, பொறப்பப் பாடுறது சாவப் பாடுறதுன்னு பிரிச்சு. நம்ம ஊர்ல நாட்டுப்புற ஆராய்ச்சி பண்ணின அ.கா. பெருமாள் சார் எழுதினத படி, லைப்ரரில கிடைக்கும்.

முத்துப்பட்டன் கதை கேட்டிருக்கியா? கேக்காட்டா கேளு. பட்டன் பிராமணன். பொம்மக்கா திம்மக்கான்னு சக்கிலியர் வீட்டு அக்கா தங்கச்சி மேல ஆசப்பட்டு, அவிய அப்பன் "குடுமிய அற, பூணூல அறு, செருப்பு தச்சுக் காட்டு, அப்ப பொண்ணு தாறேன்"னு சொல்ல, அவன் அதச் செஞ்சான். சும்மா சொல்லல, செருப்ப தச்சு காட்டினான். கல்யாணம் முடிஞ்ச கையோட மாடு களவாண்டு போனவன்கிட்ட சண்ட போட்டு செத்தான். இன்னைக்கும் பாபநாசம் மலையில சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயனா நிக்கான், செருப்புதான் அவனுக்கு காணிக்கை. உன் கிளாஸ்ல "உங்க ஆளுங்க யாரு"ன்னு கேட்டவகிட்ட இந்தக் கதைய சொல்லு.

ஆனா மக்கா, இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. அதே கதைய வேற மாதிரி பாடுற சில பாடத்துல அந்தப் பொண்ணுங்க உண்மையில பிராமணக் குழந்தைங்க, காட்டுல கெடச்சு சக்கிலியர் வீட்டுல வளந்தவங்கன்னு ஒரு ஒட்டு போட்டு வச்சிருக்கான். நாட்டுப்புற ஆராய்ச்சி பண்ணின நா. வானமாமலை இத அப்பவே எடுத்து எழுதிட்டாரு. கதை பெருசா நின்னுச்சு, அத தாங்க முடியாதவன் பின்னால வந்து ஒட்டு போட்டான். பாடுறவனுக்கு எந்தப் பாடத்த எடுக்கணும்னு ஒரு பொறுப்பு இருக்கு. படிக்கணும்னா இதையும் சேத்துப் படி.

ரிட்டயர்டு டீச்சர்:

பிள்ளே, உன் எழுத்து எனக்கு பிடிச்சிருக்கு. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

முப்பத்தஞ்சு வருஷம் பொம்பளப் பிள்ளைங்களுக்கு பாடம் எடுத்தவ நான். இசக்கி கதையில ஒரு பொண்ண கொன்னுட்டாவ, சரி. கொன்னதுக்கு அப்புறம் அவள என்னவா ஆக்குனாவ? பேயா. கையில ஒரு பிள்ளை, வாய்ல ஒரு பிள்ளை, கண்ண உருட்டிட்டு நிக்கிற சிலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தப் பக்கம் போகாதன்னு உங்கள மாதிரி பிள்ளைங்கள பயமுறுத்த அவ பேருதான் உபயோகப்பட்டுச்சு. அவள கொன்னவனுக்கு பேரு இல்ல, அவனப் பாத்து யாரும் பயப்படல. பயந்துதான் கும்பிட்டாவ, நியாயம் பாத்து கும்பிடல. பட்டன் கதையிலயும் பொம்மக்காவும் திம்மக்காவும் கடைசில என்ன ஆனாவ? தீயில எறங்குனாவ. அதையும் குரவை போட்டுத்தான் கேக்கோம்.

"செத்தவங்கள மறக்க மாட்டோம்"னு நீ எழுதியிருக்க. நம்ம மண்ணுல உயிரோட இருந்த பொம்பளைங்க போராடுனதுக்கு எத்தன பாட்டு இருக்கு? மேல்துணி போட உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டம் 1822ல கல்குளத்துல ஆரம்பிச்சது, அடி வாங்கி, சந்தையில துணிய கிழிச்சு, வீட்ட கொளுத்தி, 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு போட்டப்பவும் "போடலாம், ஆனா மேல்சாதிப் பொண்ணுங்க போடுற மாதிரி போடக் கூடாது"ன்னு நிபந்தனை வச்சுத்தான் போட்டாரு. அந்தப் பொம்பளைங்க எந்தக் கோயில்லயும் சாமியா நிக்கல. எந்த வில்லுலயும் ராத்திரி முழுக்க அவிய கதை ஓடல. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

நீ படி, வேண்டாம்னு சொல்லல. ஆனா அழுதுட்டு வந்தத அப்படியே நம்பிராத.

ஆரல் காத்து:

தங்கச்சி, நான் ஆரல்வாய்மொழி, கரண்ட் எடுக்கிற காத்தாடி கம்பெனில டெக்னீசியன். நீ இசக்கியையும் தேவசகாயத்தையும் ஒண்ணா சொன்னதப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா நான் டெய்லி பாக்கது அது ரெண்டும்தான். காத்தாடி மேல ஏறி நின்னா ஒரு பக்கம் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு நிக்கிற லாரிங்க, இன்னொரு பக்கம் தேவசகாயத்த சுட்ட காத்தாடிமலை. கணவாய் ஒண்ணு, காத்து ஒண்ணு. லாரிக்காரன் இசக்கிகிட்ட நிறுத்தாம போக மாட்டான், அவனே சில நேரம் தேவசகாயம் மலையிலயும் மெழுகுதிரி ஏத்திட்டுப் போவான். அவனுக்கு உங்க அப்பா மாதிரி பேய், புனிதர்னு குழப்பம் இல்ல.

தேவசகாயம் நட்டாலத்துல நீலகண்ட பிள்ளையா பொறந்தவரு, மார்த்தாண்ட வர்மா காலத்துல பத்மநாபபுரம் அரண்மனைல வேலை. குளச்சல் போர்ல 1741ல பிடிபட்ட டச்சுப் படைக்காரரு டி லென்னாய் கூட பழகி, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். எருமை மேல திருப்பி உக்கார வச்சு ஊர் ஊரா கொண்டு போனாவன்னு சொல்லுவாவ. 1752 ஜனவரி 14ல இங்க மலையிலதான் சுட்டாவ. கோட்டாறு சவேரியார் கோயில்ல அடக்கம்.

இதுல ஒரு விஷயம் உன் மொத பாராவுக்கு வேணும். புனிதர் பட்டம் குடுக்கும்போது பேருல இருந்து "பிள்ளை"ய எடுத்துட்டாவ, வெறும் தேவசகாயம்தான். சாதிப்பேரு வேண்டாம்னு கேட்டு எழுதினவங்க இருந்தாவ, ரோம்ல ஏத்துக்கிட்டாவ. அங்க எடுத்துட்டாவ, நம்ம கிளாஸ்ரூம்ல எடுக்க முடியல.

டீச்சர் சொன்னதுக்கு ஒரு பதில். முப்பந்தல்ல பிள்ளை இல்லாத பொண்ணுங்க வந்து தொட்டில் கட்டுறத நான் பாக்கேன். பயந்து வரல அவிய. புருசன்கிட்ட சொல்ல முடியாதத அவகிட்ட சொல்லிட்டுப் போறாவ. அவ கொல்லப்பட்டவங்கிறதால அவளுக்குத்தான் புரியும்னு நினைக்காவ.

ரிட்டயர்டு டீச்சர்:

தம்பி, தொட்டில் கட்டுறவங்கள நான் யோசிக்கல. அது நியாயம். ஆனா பிள்ளை இல்லன்னா பொண்ணுதான் போய் நிக்கணுங்கிறதும் அதுக்குள்ள இருக்கு.

மாடன் கோயில் தெரு:

எல்லாரும் ஆராய்ச்சியா பேசிட்டு இருக்கீங்க. எங்க குடும்பக் கோயில், எங்க பெரியப்பா கோமரத்தாடி, அதான் சாமியாடுறவரு. கொடைக்கு முன்ன நாப்பத்தொரு நாள் விரதம் இருப்பாரு. வில்லுல மாடன் வரவு பாடும்போது அவரு மேல சாமி வரும். அந்தப் பாட்டு கூப்பிடுறதுக்கு, கை தட்டுறதுக்கு இல்ல. காலேஜ் ஸ்டேஜ்ல மைக் வச்சு பாடி, நடுவுல யாராவது விசில் அடிச்சா எனக்கு வயிறு எரியும். தங்கச்சி கிறிஸ்டியன்ங்கிறதுக்காக சொல்லல, எங்க ஊரு பையன் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். மனசுல பட்டத சொன்னேன், தப்பா எடுத்துக்காத.

குழித்துறை ஆறு:

தப்பா எடுக்கல அண்ணா. சீனியர்ஸ் "பிரச்சனை ஆயிரும்"னு சொன்னதுல எனக்கு ஒண்ணும் புரியல, நீங்க சொன்னதுல புரிஞ்சது. சாமி வரவு பாட்டு ஸ்டேஜ்ல வேண்டாம், அத ஒத்துக்கிறேன்.

டீச்சர், நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். நான் அழுதது உண்மைதான், ஆனா அழுததோட நிறுத்திட்டேன், கொன்னவனுக்கு ஏன் பேரு இல்லன்னு யோசிக்கவே இல்ல. எங்க அப்பா வழிப் பாட்டி, அவிய பாட்டி காலத்துக் கதையா தோள்சீலை பத்தி சொல்லுவாவ, சந்தைக்கு போகப் பயந்து கிடந்தத பத்தி. நான் ஹிஸ்டரி புக்ல வந்தப்ப அத மார்க்குக்கு மனப்பாடம் பண்ணேன், வீட்டுல சொன்னதும் புக்ல இருக்கதும் ஒண்ணுன்னு அப்ப தோணல.

தக்கலைக்காரன்:

வெளிய இருந்து ஒரு குரல். நாங்க தக்கலை, பீர்முகம்மது அப்பா தர்கா பக்கத்துல வீடு. ரஜப் மாசம் ஆண்டு விழாவுல ஒரு ராத்திரி முழுக்க அப்பாவோட ஞானப்புகழ்ச்சிய கூடி உக்காந்து பாடுவோம். சின்னப் பிள்ளைல எனக்கு அர்த்தம் ஒண்ணும் வெளங்காது, வாப்பா மடியில கிடந்து கேப்பேன், இன்னைக்கும் அர்த்தம் முழுசா வெளங்காது, ஆனா ராகம் வாய்ல வரும். அப்பா தமிழ்லதான் பாடியிருக்காவ, நெசவு நெய்து பொழச்சவங்கன்னு சொல்லுவாவ. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் எங்க விழாவுக்கு நேர்ச்சை கொண்டு வரும், எங்க உம்மா அவிய கொடைக்கு தேங்கா குடுத்து விடும். யாரும் இத மத நல்லிணக்கம்னு பேரு வச்சு செய்யல.

தங்கச்சிக்கு சொல்ல வந்தது, ராத்திரி முழுக்க கூடி உக்காந்து பாட்டு கேக்கிற பழக்கம் நம்ம மாவட்டத்துல எல்லாருக்கும் இருந்திருக்கு. இப்ப கொடைக்கும் பெருநாளுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஒரே மாதிரி சிங்காரி மேளமும் பாக்ஸ் செட்டும்தான். கேக்கிறதுக்கு ஆளு உக்காரதில்ல, அதுதான் எனக்கு கவலை. நீ உக்காந்து கேட்டிருக்க. அதுல தப்பு என்ன இருக்கு.

நாஞ்சில்நாட்டு மாமா:

தக்கலைத் தம்பி சொன்னது நெசம். மாடன் கோயில் தெரு தம்பி சொன்னதும் நெசம். வில்லு கோயில்லதான் பொறந்துச்சு, ஆனா கோயிலோட நிக்கல பாத்துக்கோங்க. நம்ம ஒழுகினசேரில பொறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதைய வில்லுல சொன்னாரு, அதுல சாமி வரல, சனம் வந்துச்சு. வேதாகமக் கதைய வில்லுல பாடுன குழுவ நானே சர்ச் வாசல்ல நின்னு கேட்டிருக்கேன். கதை மாறும், வில்லு அதேதான்.

பொம்பள பாடலாமான்னு யாராவது கேட்டா பூங்கனி அம்மா பேர சொல்லு. கொட்டாரம் பக்கம் சரவணந்தேரி. சின்ன வயசுலயே வில்லு பிடிச்சவங்க, ஒரு காலத்துல அவிய வில்லுன்னா கொடைக்கு கூட்டம் அலைமோதும். கடைசி காலத்துல தனியா ஒரு சின்ன வீட்டுல வறுமையில இருந்தாவ, 2018ல போய்ச் சேந்தாவ. ஊரே கேட்ட குரல ஊரு கடைசில கேக்காம விட்டுச்சு, அத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கலங்கும். கேட்டுட்டு அழுகிறது மட்டும் போதாது மக்கா, பாடுறவன் வீட்டுல அடுப்பு எரியுதான்னும் பாக்கணும்.

எங்க படிக்கணும்னு கேட்டியே. கிளாஸ்னு தேடாத. அந்தக் கொடையில பாடுன அம்மா யாருன்னு உன் கூட்டுக்காரிகிட்ட கேளு, அவிய வீட்டுக்கு போ, வெத்தல பாக்கு வச்சு கேளு. மொதல்ல தாளம் போட விடுவாவ. ஒரு வருஷம் தாளம் மட்டும் போட்டாலும் போடு.

வள்ளவிளை கடல்:

இந்த இழைய ரெண்டு நாளா வாசிக்கேன், எழுதணுமா வேண்டாமான்னு இருந்தேன்.

நான் தூத்தூர் பக்கம் வள்ளவிளை. எங்க ஆளுங்க தங்கு கடல் தொழில், சுறா பிடிக்கப் போனா கரைக்கு வர வாரக்கணக்கு ஆகும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல். எங்க மாமன் ஏறிப் போன படகு அதுக்கு முன்னாடியே ஆழ்கடல் போயாச்சு. கரையில சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரத்துல இருக்கிறவனுக்கு எப்படி கேக்கும்? வாக்கிடாக்கி எட்டாது. நீரோடி, மார்த்தாண்டந்துறை, எங்க ஊரு, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, பூத்துறைன்னு தெருத்தெருவா அழுகை. மாமன் உடம்பு கிட்டல. கிட்டாத உடம்புக்கு எப்படி மந்திரிப்பு வைக்கது, எங்க மெழுகுதிரி ஏத்தது? மாமி ரொம்ப நாள் வாசக்கதவ சாத்தவே இல்ல, ராத்திரி வந்து தட்டுனா கேக்காம போயிரக் கூடாதுன்னு.

தங்கச்சி எழுதினா, அகாலமா செத்தவங்கள இந்த ஊரு மறக்காதுன்னு. எனக்கு அதப் படிச்சதும் நெஞ்சு அடைச்சிட்டு. எங்க ஆளுங்கள யாரு பாடுறா? வருஷத்துக்கு ஒரு நாள் திருப்பலி, ஒரு போஸ்டர். அவிய சாமியும் ஆகல, புனிதரும் ஆகல. டீச்சர் சொன்ன பொம்பளைங்க மாதிரித்தான் எங்க ஆளுங்களும். யாரு கொன்னாங்கன்னு கேட்டா காத்துன்னு சொல்லிட்டு போயிடலாம், அதனால பேரு சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்ல.

இத குறையா சொல்லல. கேக்கணும்னு தோணுச்சு.

குழித்துறை ஆறு:

அக்காவா அண்ணனான்னு தெரியல, மன்னிச்சிருங்க. நீங்க எழுதினதப் படிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

அப்ப நான் அஞ்சாங்கிளாஸ். டிசம்பர் 7, காணாம போனவங்கள தேடச் சொல்லி குழித்துறை ஸ்டேஷன்ல ரயில மறிச்சாவளே, தூத்தூர் பக்கத்து எட்டு ஊர்ல இருந்தும் நடந்தே வந்தாவ, ஆம்பள பொம்பள கைக்குழந்தை எல்லாரும். எங்க வீட்டுல இருந்து ஸ்டேஷன் கிட்டத்தான். தண்டவாளம் முழுக்க ஆளுங்க, கையில போட்டோ பிடிச்சிட்டு. எங்க பாட்டி குடத்துல தண்ணி கோரி கோரி கொண்டு குடுத்தாவ, நானும் பின்னால டம்ளர் தூக்கிட்டு போனேன். ஒரு அம்மா தண்ணி வாங்கிட்டு குடிக்காம கையில வச்சிட்டே இருந்தாவ, "குடிங்க"ன்னு சொன்னேன், "அவன் உப்புத் தண்ணியில கிடக்கான் பிள்ளே"ன்னு சொன்னாவ. எனக்கு அப்ப வெளங்கல, வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட கேட்டேன், பாட்டி பதில் சொல்லல.

இவ்வளவு நாளா நான் அத யார்கிட்டயும் சொன்னதில்ல. கொடையில அந்தப் பாட்டி முந்தானைய வாய்ல வச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது இந்த அம்மாவத்தான்னு இப்பத்தான் தெரியுது. மொத பதிவுல நான் இசக்கி, தேவசகாயம்னு பழைய ஆளுங்கள மட்டும் எழுதினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால என் வீட்டு வாசல்ல நடந்தத எழுதல. டீச்சர் சொன்னது இதத்தான்னு நினைக்கேன்.

நாஞ்சில் மாமா, சாமி வரவு இல்லாத கதைய வில்லுல பாடலாம்னு சொன்னீங்கல்ல. ஒக்கி கதைய வில்லுல பாட முடியுமா? முறைப்படி காப்பு, குருவடி எல்லாம் வச்சு? நாட்டு வளம் பாடுற இடத்துல கடல் வளம் பாடலாமா?

நாஞ்சில்நாட்டு மாமா:

பாடலாம் மக்கா. பாடணும். நாட்டு வளத்துல கடல பாடுனா ஒரு தப்பும் இல்ல, நெய்தலும் நாடுதானே. ஆனா கதைய நீயா வீட்டுல உக்காந்து எழுதாத. வாழி யாருக்கு பாடுவன்னு மொதல்ல யோசி, திரும்பி வராதவனுக்கு வாழி பாடுறது லேசு இல்ல.

ரிட்டயர்டு டீச்சர்:

எழுதும்போது அந்த அம்மாக்களோட பேரு வரட்டும் பிள்ளே. "மீனவப் பெண்கள்"னு மொத்தமா எழுதிராத. அவிய சம்மதம் கேட்டுட்டு எழுது. எச்சரிக்கை எப்ப வந்துச்சு, எப்ப தேடப் போனாவங்கிறதும் தேதியோட வரட்டும், பேப்பர் பழசு எல்லாம் எடுத்துத் தர நான் இருக்கேன்.

மாடன் கோயில் தெரு:

தங்கச்சி, குடம் அடிக்க ஆளு வேணும்னா எங்க சித்தப்பா பையன் நல்லா அடிப்பான். நான் பேசுறேன்.

வள்ளவிளை கடல்:

அக்காதான். மாமிகிட்ட நேத்து ராத்திரி இத வாசிச்சுக் காட்டுனேன். தண்ணிய கையில வச்சிட்டு இருந்த அம்மா யாரா இருக்கும்னு பேரு பேரா யோசிச்சாவ, ரெண்டு பேரா இருக்கலாம்னு சொன்னாவ, ஒருத்தங்க இப்ப இல்ல. "அந்தப் பிள்ளை பாட்டு எழுத வரண்டாம், சும்மா வரட்டும், மீன் குழம்பும் மரச்சீனியும் வைக்கேன்"னு சொன்னாவ.

ஞாயிறு திருப்பலி முடிஞ்சு பத்து மணிக்கு மேல வா. மார்த்தாண்டத்துல இருந்து தூத்தூர் பஸ் உண்டு, சர்ச் முன்னாடி எறங்கி நில்லு, நான் வந்து கூட்டிட்டு போறேன். ரெக்கார்ட் பண்ண போன் எடுக்காத, மொத நாள் வேண்டாம். பாட்டியையும் கூட்டிட்டு வா.

குழித்துறை ஆறு:

வாறேன் அக்கா. பாட்டிகிட்ட சொல்லிட்டேன், அன்னைக்கு கட்டுன சேலை எதுன்னு இப்ப பெட்டியில தேடிட்டு இருக்காவ.